கல்வெட்டுப் பட்டியலும் வலைப்பதிவுத் திரட்டியும்

பெங்களூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் ஆனேக்கல் என்னும் ஊர் வரும். தமிழர் செவிக்கு அப்பெயர் யானையையும் கல்லையும் நினைவூட்டும். கன்னடத்திலோ ஆனெகல்லு என்றால் ஆலங்கட்டி என்று பொருள் சொல்வர். இவ்வூரைத் தலைமையாகக் கொண்ட வட்டம் நம் ஓசூர் வட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. ஆனேக்கல் மைசூர் மாநிலத்தில் நின்றது. ஆயினும் மாநில எல்லைக்கோடு மக்களின் கால்களைக் கட்டிவிடவில்லை. அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி ஆகிய தொழிற்பேட்டைகளிலும், அவற்றை அடுத்துள்ள எலக்ட்ரானிக் சிட்டியிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர் எத்தனையோ பேர் உழைக்கின்றனர். வாரக் கடைசியில் அத்திப்பள்ளி வழியே ஓசூரை நோக்கி ஊர்ந்து செல்லும் பேருந்துகளைக் கண்டவர்களுக்கு இதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வட்டத்தில் தமிழ் புதிதாகக் குடியேறிய மொழியன்று. சோழர் ஆட்சி இப்பகுதிவரை பரவியிருந்த காலத்திலும் அதன் பின்னரும் தமிழில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இங்குள்ள கோயில்களிலும் ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் உள்ளன. இச்செய்தி இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அதற்கு ஒரு பட்டியலே காரணம். பெங்களூரில் 1837இல் பிறந்த பெஞ்சமின் லூயி ரைஸ் என்னும் ஆங்கிலேயர், மைசூர் நாடெங்கும் அலைந்து ஏறத்தாழ 9000 கல்வெட்டுகளைத் தேடிப் பதிப்பித்தார். ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் அத்தொகுதிகளுள் ஒன்பதாவது, பெங்களூர் மாவட்டத்துக்குரியது, 1905இல் வெளிவந்தது. அதில் ஆனேக்கல் வட்டத்துக் கல்வெட்டுகள் தனியே எண்ணிடப்பட்டு, எந்த ஊரில் எந்த இடத்தில் உள்ளது என்ற குறிப்போடு நிற்கின்றன. வயலில் கிடக்கும் கல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதைத் தேடிப் படிப்பவனிடம் கொண்டு சேர்த்தது அந்த எண்ணும் இடக்குறிப்புமே.

அச்சுப் புத்தகங்களின் கதையும் இதுவே. ஜான் மர்டாக் என்பவர் தமிழ் அச்சு நூல்களின் பகுப்புப் பட்டியல் ஒன்றை 1865இல் வெளியிட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனோ பட்டியலிடுவதையே ஒரு விஞ்ஞானமாக வளர்த்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை 1924 முதல் நடத்திய அப்பெரியார், பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி, 1962இல் அங்கே ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் அந்நகரிலேயே மறைந்தார். வெளிமாநிலத் தமிழருள் ஒருவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கவர் அவர்.

இவற்றையெல்லாம் எதற்காகச் சொல்கிறோம்? நம் காலத்தில், ஊரைவிட்டு வந்த தமிழர் ஏராளமாக எழுதிக் குவித்த ஒரு புதுவகை எழுத்து உண்டு. வலைப்பதிவு அல்லது வலைப்பூ என்று அதனை அழைத்தோம். அந்த எழுத்துக்கும் பட்டியல் இருந்தது. அப்பட்டியலே அதனை வாழவைத்தது. பட்டியல் இருந்த நாளில் அந்த எழுத்துக்கு வருவாய் இல்லை. வருவாய்க்கு வழி பிறந்த நாளிலோ பட்டியல்கள் ஓய்ந்துகொண்டிருந்தன. இவ்விரண்டும் ஒருசேர அமையாமற் போன வரலாற்றையே இங்குக் காண முற்படுகிறோம்.

கணினியில் தமிழ் எழுதுவதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஒன்றின் எழுத்துரு நம் கணினியில் இல்லையேல் அதன் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொதுமுறை வகுத்தது. ஆயினும் சிக்கல் உண்மையில் நீங்கியது, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை விண்டோஸ் எக்ஸ்பி போன்ற இயங்குதளங்கள் வழியே வீட்டுக்கு வந்தபோதுதான். எ-கலப்பை என்னும் இலவசச் செயலியைப் பொருத்திக்கொண்டு, ஆங்கில விசைகளைத் தட்டியே தமிழை எழுத இயன்றது. அமெரிக்காவில் 1999இல் தோன்றிய பிளாக்கர் என்னும் சேவையைக் கூகுள் நிறுவனம் 2003இல் வாங்கியது. காசு கொடாமல் எவரும் அங்கே ஒரு பக்கம் திறந்து எழுதலாம் என்ற நிலை உண்டாயிற்று.

தமிழில் முதல் வலைப்பதிவுகள் 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோன்றின. முதலாவது எது என்பதைப் பற்றிப் பதிவர்களுக்குள் வழக்கு உண்டு. அவ்வழக்கில் நாம் நுழைய வேண்டுவதில்லை. எழுதியவர்களுள் பலர் தாயகத்துக்கு வெளியே வாழ்ந்தனர் என்பதே நாம் கருதத் தக்கது. டொராண்டோ, சிங்கப்பூர், துபாய், பெங்களூர் என்று அவர்கள் சிதறியிருந்தனர். பகலெல்லாம் வேற்றுமொழியில் அலுவல் பார்த்துவிட்டு இரவில் தாய்மொழியில் நான்கு பத்தி எழுதுவது அவர்களுக்கு ஓய்வாகவும் ஆறுதலாகவும் இருந்தது. எழுதியதை யார் படிப்பார்? பத்திரிகை அச்சாகிப் பெட்டிக்கடையில் தொங்கும். வழியில் போகிறவன் கண்ணில் படும். வலைப்பதிவுக்குக் கடையும் இல்லை, தெருவும் இல்லை. முகவரியை அறிந்தவனுக்கன்றி அஃது இல்லாததற்கு ஒப்பாகும்.

இக்குறையைத் தீர்க்க முதலில் முன்வந்தவர்களுள் கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமியைக் குறிப்பிட வேண்டும். தமிழ் வலைப்பதிவுகளின் முகவரிகளைத் தேடித் தேடிக் கையாலேயே ஒரு பட்டியலாக்கினார். அத்துடன் நில்லாமல், வலைப்பூ என்ற பெயரில் ஓர் இதழ்ப் பக்கத்தையும் நடத்தினார். வாரத்துக்கொரு பதிவர் அதற்கு ஆசிரியராவார். அவ்வாரம் தாம் படித்தவற்றைப் பிறருக்கு எடுத்துக்காட்டுவார். பின்னாளில் 2007இல் தொடங்கிய வலைச்சரம் இதே முறையைப் பின்பற்றிப் பல ஆண்டுகள் நடந்தது. நல்ல வாசகன் ஒருவன் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் இம்முறைக்கு இணையான எந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது நம் கருத்து.

ஆனால் பதிவுகளின் எண்ணிக்கை பெருகப் பெருகக் கைப்பட்டியல் போதவில்லை. ஒரு பதிவில் இன்று புதிதாக எழுதப்பட்டுள்ளதா என்பதை அறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இங்கேதான் செய்தியோடை என்னும் உத்தி பயன்பட்டது. ஒவ்வொரு வலைப்பதிவும் தன் புதிய இடுகைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் எந்திரம் படிக்கத்தக்க வடிவில் தானே வெளியிடும். பல ஓடைகளை ஓரிடத்தில் பாயவைத்தால் எல்லாப் புதிய இடுகைகளையும் ஒரே பக்கத்தில் காணலாம். கோவையைச் சேர்ந்தவரும் அக்காலத்தில் அமெரிக்காவில் பணிபுரிந்தவருமான காசி ஆறுமுகம் 2004இல் இதனைச் செய்து காட்டினார். அதற்குத் தமிழ்மணம் என்று பெயரிட்டார். திரட்டி என்ற அழகிய தமிழ்ச் சொல்லும் இதனோடு வழக்கில் நிலைத்தது.

தமிழ்மணத்தில் இடம்பெற ஒரு பதிவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம். ஏனெனில் இன்றைய இளைஞர் பலருக்கு அது தெரியாது. முதலில் சில இடுகைகளேனும் எழுதியிருக்க வேண்டும். பிறகு தம் பதிவின் முகவரியைத் தந்து விண்ணப்பிக்க வேண்டும். தன்னார்வலர் அதனைத் திறந்து பார்ப்பர். தமிழில் எழுதப்பட்டதா, பிறரிடம் களவாடியதா, அடாதன உண்டா என்று நோக்குவர். ஏற்றுக்கொண்டபின் பதிவர் ஒரு கருவிப்பட்டையின் நிரல் துண்டைத் தம் பக்கத்தின் வார்ப்புருவில் ஒட்ட வேண்டும். கடினமான படி இதுதான். ஒரு குறி இடம் மாறினாலும் பக்கம் முழுவதும் குலைந்துபோகும். கவிதை எழுத வந்தவர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர் ஆகியோர் இவ்விடத்தில் திகைத்து நின்றனர். அவர்களுக்கு முகமறியாத மற்றொரு பதிவர் கடிதம் எழுதி, சில வேளைகளில் தொலைபேசியிலும் பேசி, வரி வரியாக வழிகாட்டினார். பிளாக்கர் நிறுவனம் 2006இன் இறுதியில் தன் வார்ப்புரு முறையை மாற்றியபோது பழைய துண்டுகள் புதியதில் பொருந்தவில்லை. மீண்டும் அதே உதவி, அதே பொறுமை.

எழுதி முடித்ததும் கருவிப்பட்டையின் பொத்தானை அழுத்தினால் திரட்டிக்குச் செய்தி போகும். சிறிது நேரத்தில் தலைப்பு முதற்பக்கத்தில் தோன்றும். அத்தலைப்பு கீழிறங்கி மறைவதற்குள் படிக்க வந்தவர் வருவர், மறுமொழி இடுவர். மறுமொழி வந்தால் அந்த இடுகை வேறொரு வரிசையில் மீண்டும் தலைகாட்டும். ஜிகனியில் ஒரு வாடகை அறையிலிருந்து ஒருவர் எழுதுவதை யாழ்ப்பாணத்தவரும் கோலாலம்பூர்க்காரரும் அரை மணி நேரத்தில் படித்து விடையிறுக்க இயன்றது. சனி, ஞாயிறுகளில் திரட்டி வெறிச்சோடிக் கிடக்கும். திங்கள் காலையில் களைகட்டும். அலுவலகக் கணினிகளே அன்று பலருக்கு எழுத்து மேசையாக இருந்தன என்று பதிவர்களே நகையாடியதுண்டு. மேலதிகாரிகள் இதனை அறிந்திருந்தார்களா என்பதை நாம் ஆராயப் புகவில்லை.

வாரந்தோறும் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அமர்த்தி முகப்பில் சிறப்பிப்பது தமிழ்மணத்தின் வழக்கம். பெயரறியாத புதியவருக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. நிருவாகம் 2006இல் தனியொருவரிடமிருந்து தமிழ் மீடியா இன்டர்நேஷனல் என்னும் அமைப்பிடம் மாறியது. அவ்வாண்டிலேயே பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்த கட்டுரைகளைக் கொண்டு பூங்கா என்னும் இணைய வார இதழும் வெளிவந்தது.

நிழலும் இருந்தது. முகமூடி அணிந்து வசைபாடுவோர் பெருகினர். அதனால் மறுமொழிகளைப் பதிவர் படித்துப் பார்த்தபின்பே வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. மட்டுறுத்தல் என்ற சொல் இவ்வழியே நம் அன்றாட வழக்கில் புகுந்தது. எத்தனை பேர் சொடுக்கினர் என்பதைக் கொண்டு சூடான இடுகைகள் என்று ஒரு வரிசை அமைத்தனர். உடனே தலைப்புகள் மாறத் தொடங்கின. உள்ளே சாதாரணச் சமையற்குறிப்பாக இருக்கும். வெளியே தலைப்பைப் பார்த்தால் கொலை நடந்துவிட்டதோ என்று அஞ்சத் தோன்றும். எண்ணிக்கையைக் கொண்டு எழுத்தை அளக்கத் தொடங்கினால் எழுத்து எண்ணிக்கைக்கு ஏற்ப வளையும் என்பதை, இன்றைய சமூக ஊடகங்கள் நமக்குக் கற்பிக்கும் முன்னரே, இத்திரட்டிகளில் கண்டுகொண்டோம்.

பிற திரட்டிகளும் தோன்றின. தேன்கூடு 2006இல் மாதந்தோறும் எழுத்துப் போட்டி நடத்திப் புகழ் பெற்றது. அதனை உருவாக்கியவர் 2007இல் இளமையிலேயே காலமானார்; பின்னர் அக்கூடும் கலைந்தது. தமிழிஷ் 2008இல் வந்து, வாசகரே இடுகைகளைச் சேர்க்கவும் வாக்களிக்கவும் இடங்கொடுத்து, 2010இல் இன்ட்லி எனப் பெயர் மாற்றிக்கொண்டது. திரட்டி என்ற பெயரிலேயே ஒன்று இயங்கியது. இவையனைத்தும் பெரும்பாலும் ஓரிருவரின் உழைப்பிலும் கைப்பணத்திலும் நடந்தவை. வழங்கியின் வாடகையை ஒருவர் தம் சம்பளத்திலிருந்து கட்டினார். அவர் நோயுற்றாலோ, வேலை மாறினாலோ, சலிப்புற்றாலோ பட்டியலும் உடன் நோயுற்றது.

பயிற்சியும் பரவியது. 2007 ஆகஸ்டு 5ஆம் நாள் சென்னையில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் புதுச்சேரியிலும் ஒரு பட்டறை கூடியது. எழுத்துருவைப் பொருத்துவது, பதிவைத் திறப்பது, திரட்டியில் சேர்ப்பது ஆகிய மூன்றும் இத்தகைய கூட்டங்களின் பாடங்களாக இருந்தன. கட்டணம் இல்லை, கற்பித்தவர்க்கு ஊதியமும் இல்லை.

இனி விளம்பரத்துக்கு வருவோம். பத்திரிகைகள் சந்தாவினால் மட்டும் வாழ்ந்ததில்லை. பல்பொடியும் தைலமும் சோப்பும் அவற்றின் பக்கங்களைத் தாங்கின. வலைப்பதிவுக்கும் அப்படி ஒரு தாங்குதல் கிடைக்குமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. கூகுள் நிறுவனம் 2003இல் ஆட்சென்ஸ் என்னும் விளம்பர வலையமைப்பைத் தொடங்கியிருந்தது. அதன் இயக்கம் இவ்வாறு: பதிவர் ஒரு நிரல் துண்டைத் தம் பக்கத்தில் ஒட்டுவார். கூகுளின் எந்திரம் அப்பக்கத்தைப் படித்து, அதன் பொருள் இன்னது என்று கணிக்கும். அப்பொருளுக்கேற்ற விளம்பரத்தை, அதிக விலை கேட்கும் வணிகரிடமிருந்து ஏலமுறையில் எடுத்து அங்கே காட்டும். வரும் தொகையில் நூற்றுக்கு 68 பங்கு பக்கத்தின் உரிமையாளருக்கு உரியதாக அன்று இருந்தது. இக்கணக்கை அந்நிறுவனம் 2010இல் வெளியிட்டது. பதிவர் தாமே கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்க வேண்டுவதில்லை. கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறது!

எந்திரம் படிக்க வேண்டும் என்றோமன்றோ? இடர் அங்கேதான் இருந்தது. அவ்வமைப்பு ஏற்றுக்கொண்ட மொழிகளின் வரிசையில் தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கத்தோடு விண்ணப்பித்தால் மொழி ஏற்கப்படவில்லை என்ற விடை வரும். சிலர் ஆங்கிலத்தில் ஒரு பதிவைத் தொடங்கி, அதன்பேரில் அனுமதி பெற்று, அதே துண்டைத் தமிழ்ப் பக்கத்திலும் ஒட்டிப் பார்த்தனர். அது விதிமீறல், கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. இந்தி 2014 டிசம்பரிலும், வங்காளி 2017இலும் வரிசையில் சேர்ந்தன. தமிழுக்கு இடம் கிடைத்தது 2018 பிப்ரவரியில். தமிழில் வலைப்பதிவு தோன்றி அதற்குள் 15 ஆண்டுகள் சென்றுவிட்டன. இதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 2017இல், கூகுளும் கேபிஎம்ஜி நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை ஒன்று, இந்திய மொழியினருள் இணையத்தைக் கைக்கொண்ட அளவில் தமிழரே முதலிடம் என்றும், அது நூற்றுக்கு 42 என்றும் கூறியிருந்தது. வாசகர் முன்னே வந்துவிட்டனர். விளம்பரம் பின்தங்கி வந்தது.

இடைப்பட்ட காலத்தில் இந்தியாவிலேயே வேறொரு வகை அமைப்பு தோன்றியது. 2007இல் இண்டிபிளாக்கர், பிளாக்அடா என்னும் இரண்டும் தொடங்கின. இவை பட்டியலையும் விளம்பரத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தன. பதிவர் தம் பதிவைச் சேர்ப்பார்; அதற்கு ஒரு தர எண் வழங்கப்படும்; வணிக நிறுவனங்கள் அப்பட்டியலைக் கொண்டு பதிவர்களை அணுகிப் போட்டிகளும் நூல் மதிப்புரைகளும் பொருள் அறிமுகங்களும் நடத்தும். திட்டம் நல்ல திட்டமே. ஆயினும் அங்கே புழங்கிய மொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ப் பதிவரும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் பரிசும் பணமும் ஆங்கிலத்தில் எழுதுவோரை நோக்கியே நகர்ந்தன. நாம் எண்ணிப் பார்க்கிறோம்: தமிழ்மணத்தின் வாசகர் கூட்டமும் இவ்வகை நிறுவனங்களின் வணிகத் தொடர்பும் 2008 வாக்கில் ஒன்று சேர்ந்திருந்தால், வழங்கி வாடகைக்குத் தன் சம்பளத்தைக் கொடுத்தவரின் சுமையேனும் குறைந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை.

தமிழுக்கு வாயில் திறந்தபின் வெளிமாநிலத் தமிழருக்கு எதிர்ப்பட்ட ஒரு சிறு தொல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். விளம்பரக் கணக்கில் 10 டாலர் சேர்ந்தவுடன், முகவரியை உறுதி செய்ய ஒரு கடிதம் அஞ்சலில் வரும். அதிலுள்ள இரகசிய எண்ணை 4 மாதங்களுக்குள் கணக்கில் பதிய வேண்டும். இன்றேல் விளம்பரம் நிறுத்தப்படும். பணம் கைக்கு வருவதோ 100 டாலர் சேர்ந்த பின்னரே. சந்தாபுராவில் ஆறு மாதம், பொம்மசந்திராவில் ஓராண்டு என்று வாடகை வீடு மாறிக்கொண்டிருப்பவருக்கு அக்கடிதம் வந்து சேருவது எளிதன்று. கதவிலக்கமே இல்லாத குடியிருப்புகளும் இவ்வட்டத்தில் உண்டு. ஆகவே கணக்குத் திறக்கும்போதே, ஊரிலுள்ள பெற்றோரின் வீட்டையோ, அஞ்சல் தவறாது சேரும் வேறோர் இடத்தையோ முகவரியாகத் தருவது நலம். வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் விண்ணப்பத்திலுள்ள பெயரும் தலையெழுத்து உள்பட ஒத்திருத்தல் வேண்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே போடுவதா, பின்னே விரித்து எழுதுவதா என்ற நம்மவர் வழக்கம் இங்கே நம்மையே இடறிவிடும். இன்னொன்று: 2024இன் தொடக்கம் முதல், சொடுக்குக்குப் பணம் என்ற பழைய கணக்கு மாறி, விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குப் பணம் என்றாகியுள்ளது. நண்பர்களை அழைத்துச் சொடுக்கச் சொல்வது முன்னும் குற்றம், இன்றும் குற்றம், அதனால் கணக்கே பறிபோகலாம்.

விளம்பரம் வந்த வேளையில் திரட்டிகளின் நிலை என்ன? முகநூலும் டுவிட்டரும் 2010க்குப் பின் எழுதுவோரையும் படிப்போரையும் ஈர்த்துக்கொண்டன. செய்தியோடைகளைப் படிக்கப் பலர் பயன்படுத்திய கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டது. பழைய திரட்டிகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஓயும் முன் நடந்த முயற்சிகளையும் மறக்கலாகாது. வலைப்பதிவர் திருவிழா 2012இலும் 2013இலும் சென்னையில் நடந்தது. 2014இல் மதுரையில் நடந்தது. 2015 அக்டோபர் 11ஆம் நாள் புதுக்கோட்டையில் கூடிய திருவிழாவில், கணினித் தமிழ்ச் சங்கத்தார் தமிழ் வலைப்பதிவர் கையேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டனர். வலையில் எழுதுவோரின் பட்டியல் காகிதத்தில்! அன்று சிலருக்கு இது பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றியிருக்கலாம். நமக்கோ ரைஸின் தொகுதியே நினைவுக்கு வருகிறது. வழங்கி நின்றாலும் காகிதம் அலமாரியில் இருக்கும்.

பட்டியல் ஓய்ந்தபின் அதிலிருந்த எழுத்துக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். யாஹூ நடத்திய ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளம் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, பழைய எழுத்துருக்களில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் அதனோடு போயின. பிளாக்கரில் உள்ளவை அவ்வாறு அழியவில்லை. ஆயினும் வேறொரு விபத்து நேர்ந்தது. கூகுள் 2012இல் இந்திய வாசகரை நாட்டுப் பெயரோடு கூடிய முகவரிக்குத் திருப்பத் தொடங்கியது. பிளாக்ஸ்பாட் டாட் காம் என்பது இந்தியாவில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று தெரிந்தது. முகவரி மாறவே திரட்டிகளின் வாக்குப் பட்டைகள் குழம்பின. பதிவர் தடுமாறினர், மறுபடியும் ஒருவருக்கொருவர் நிரல் துண்டுகளை அனுப்பிச் சரிசெய்துகொண்டனர். அந்த நாளில் எழுதியோர் ஒருவரையொருவர் சுட்டியபோதும், அன்பர்கள் தத்தம் பட்டியல்களில் குறித்து வைத்தபோதும், கண்ணில் தெரிந்த ‘இன்’ முகவரியையே எழுதினர். 2020இல் அந்த ‘இன்’ பெயர் கூகுளின் கையைவிட்டுப் போயிற்று. வேறு யாரோ அதனை வாங்கிக்கொண்டனர். அப்பெயரில் எழுதப்பட்ட சுட்டிகள் எல்லாம் ஒரே நாளில் குருட்டு வாயில்களாயின.

கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. பட்டியலில் ஊர்ப் பெயர் பிழையாகிவிட்டது. அவ்வளவே. பல பதிவுகள் இன்றும் ‘காம்’ முகவரியில் உயிரோடு உள்ளன.

ஆதலின் ஆனேக்கல் வட்டத்திலோ, மும்பைத் தாராவியிலோ, தில்லியிலோ, ஆமதாபாத்திலோ உள்ள அன்பர்கள், ஒரு காலத்தில் தாம் எழுதியதையும் தாம் விரும்பிப் படித்ததையும் ஒரு விடுமுறை நாளில் தேடிப் பார்க்கலாம். கடவுச்சொல் மறந்திருந்தால் முதலில் அதனை மீட்க வேண்டும். பிளாக்கரின் அமைப்புப் பகுதியில் காப்புப் பிரதி எடுக்கும் வழி உண்டு. எழுதியதனைத்தும் ஒரே கோப்பாகக் கைக்கு வந்துவிடும். அதனை இரண்டிடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். தொகுத்து நூலாக்க விரும்புவோருக்கு, 2013 முதல் இலவசத் தமிழ் மின்னூல்களை வெளியிட்டுவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர் குழு உண்டு. வலைப்பதிவுகளாக இருந்த எழுத்துகள் பல அங்கே நூல்வடிவம் பெற்றுள்ளன. மூடிப்போன தளங்களின் படிகளை, சான்பிரான்சிஸ்கோவில் 1996இல் தோன்றிய இணைய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பழைய முகவரியை அங்கே இட்டால், எந்தெந்த நாளில் அப்பக்கம் படியெடுக்கப்பட்டது என்று நாட்காட்டியில் காட்டும். தமிழ்மணத்தின் முகப்பையும் அவ்வாறு தேடிப் பார்க்கலாம். படி கிடைத்தால், அந்த ஒரு நாளில் யார் யார் என்ன எழுதினர் என்பதைத் தலைப்பு வரிசையில் காணலாம்.

பழைய சுட்டி ஒன்றைச் சொடுக்கும்போது எங்கோ அயல் பக்கம் திறக்குமாயின், முகவரியின் இறுதியிலுள்ள ‘இன்’ என்பதை அழித்துவிட்டுக் ‘காம்’ என்று இட்டுப் பார்க்கவும். 2009இல் நள்ளிரவில் யாரோ ஒருவர் எழுதிய இடுகை, அதன் கீழே 23 மறுமொழிகளோடு, இன்னும் அங்கே காத்திருக்கக்கூடும்.